சவுரியப்பனின் கீறல் விழுந்த ரெக்கார்டு

அரூரில் ரேடியோ செட் கடை வைத்திருக்கும் சவுரியப்பன் அண்ணனை வருஷா வருஷம் பங்குனியில் எட்டு நாள் ஒரு மாரியம்மன் பிடித்து வைத்துக்கொள்வாள். அண்ணன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கிறிஸ்தவர். இது அம்மனுக்கும் தெரியும், அவருடைய பங்குச் சாமியாருக்கும் தெரியும். இரண்டு தரப்பும் இதைப் பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ஊர் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிற சின்னராஜ். அடுத்த வருஷமும் அந்தப் பக்கம் சவாரி போக வேண்டும். அண்ணனின் ஸ்பீக்கர் பெட்டிகளும் புனல் ஸ்பீக்கர்களும் என் வண்டியில்தான் போகும். அங்கே கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியூர்க்காரனுக்கு இந்தச் சட்டம் இல்லை என்பார்கள். ஆனால் அண்ணனுக்கு மட்டும் உண்டு. அவர் கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அவருடைய பழைய ரெக்கார்டு பிளேயருக்கும் ஒன்று. ஒரு வருஷம் யாரோ புண்ணியவான் என் வண்டிக் கண்ணாடியிலும் ஒன்றைக் கட்டிவிட, அதிலிருந்து நானும் அகப்பட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரெக்கார்டு. அண்ணனின் அப்பா வாங்கி வைத்த அம்மன் பாட்டு. அண்ணனுக்கு மீசை முளைத்த புதிதில், அந்த ஊர்த் திருவிழாவுக்கு முதல்முறையாகத் தனியாகப் போனார். சாமான் இறக்கும்போது ரெக்கார்டுத் தட்டு கைதவறி, பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சாயங்காலம் கரகம் எடுக்கும் நேரத்தில் அதையே போட்டார். பாடுகிற அம்மாள் 'இறங்கி வா' என்று அழைக்கிற இடத்தில் ஊசி கீறலில் மாட்டிக்கொண்டது. இறங்கி வா, இறங்கி வா, இறங்கி வா. உடுக்கையும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப. அண்ணன் பதறிப்போய் ஊசியைத் தூக்கக் கை நீட்டினார். பூசாரி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தின் நடுவே, அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில மாதமே ஆன குள்ளம்மாள் என்ற பெண் கூந்தல் அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

பல வருஷமாக யார் மேலும் வராமல் இருந்த அம்மனாம். சாமி வந்துவிட்டால், அது மலையேறி அந்த உடம்பை விட்டுப் போகும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். குள்ளம்மாள் தளர்ந்து உட்கார்ந்த பிறகுதான் பூசாரி கையை விட்டார். அதற்குப் பிறகே அண்ணன் ஊசியை விரலால் லேசாகத் தள்ளிவிட, மிச்சப் பாட்டு ஓடியது. கையைத்தான் விட்டார்கள், அண்ணனை விடவில்லை.

நடுவில் கேசட் வந்தது, சிடி வந்தது. அதே பாட்டு, அதே குரல், கண்ணாடி மாதிரி சுத்தம். குள்ளம்மாள் கல்லாட்டம் நின்றாள். அந்த வருஷங்களில் கிணறு வற்றியதையும் மரவள்ளி காய்ந்ததையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அம்மா கறுப்புத் தட்டில்தான் இருக்கிறாள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். "தட்டு, பெட்டி ரெண்டையும் கோயிலுக்கே குடுத்துடறேன், வெச்சிக்கங்க" என்றார். ஒரு முறை பூசாரியே ஊசி வைத்தார். ஊசி கீறலைத் தாண்டிக் குதித்து ஓடி, பாட்டு பாட்டுக்கு முடிந்துபோனது. கை மாறக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வந்தது.

தட்டுக்கு அவர்கள் செய்கிற மரியாதையைத்தான் அண்ணனால் தாங்க முடியாது. குங்குமம் வைப்பார்கள், அது வரிவரியாக உள்ளே இறங்கிவிடும். ஒரு வருஷம் மஞ்சள் தண்ணீரில் அபிஷேகமே செய்துவிட்டார்கள். அண்ணன் தட்டை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, வேட்டி நுனியால் ஒத்தி ஒத்தி எடுத்தபடி, கிறிஸ்தவன் சொல்லக் கூடாத வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து காரில் ஒருவர் வந்தார். பழைய ரெக்கார்டுகளைச் சேகரிக்கிறவராம். அண்ணன் கடையில் உட்கார்ந்து ஒரு தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுல ஒரு வார்ம்த் இருக்கு சார். டிஜிட்டல்ல அது வராது."

"அது ஆம்ப்ளிஃபயர் சூடுங்க. கைய வெச்சிப் பாருங்க" என்றார் அண்ணன்.

அவருக்கு ரெக்கார்டு மேல் மயக்கம் எதுவும் கிடையாது. கேட்டால் பொரிந்து தள்ளுவார். "ரெக்கார்டுன்னா தூசி. தொடச்சித் தொடச்சியே என் ஆயுசு போச்சி. வெயில்ல வெச்சா அப்பளமாட்டம் வளையும். கரண்டு டல்லடிச்சா பாடற பொம்பள தூங்கிடுவா. ஒவ்வொரு தடவ போடறப்பவும் ஊசி கொஞ்சம் சொரண்டிக்கிட்டுத்தான் போவுது, பாட்டு தேஞ்சிக்கிட்டே வருது. பென் டிரைவ்ல ஆயிரம் பாட்டு. சொருவிட்டு டீ குடிக்கப் போலாம்."

எனக்கென்னவோ பென் டிரைவ் பாட்டு ஆர்.ஓ. தண்ணீர் மாதிரி. சுத்தம்தான், குறை சொல்ல முடியாது, ஆனால் நாக்கில் ஒன்றும் நிற்காது. ரெக்கார்டில் பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு கரகரப்பு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் கோயில் வாசலில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் அண்ணன், "நீ வண்டிய ஓட்டு" என்பார்.

அந்த எட்டு நாட்களால் அவர் இழந்தது கொஞ்சமல்ல. அவர் மனைவி தெரசா அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, அண்ணன் கையில் காப்போடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மகள் மலர்விழிக்குத் தலைப்பிரசவமும் ஒரு பங்குனியில்தான். அன்றைக்குத் துணிந்து எல்லைக்கல்வரை நடந்துவிட்டார். அங்கே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அடித்திருந்தால், திருப்பி அடித்துவிட்டாவது அண்ணன் போயிருப்பார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கும்பிடுகிறவனை எப்படித் தள்ளிவிட்டுப் போவது? திரும்பி வந்து என் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அழுதார். பெரிய வெள்ளியும் அடிக்கடி அந்த எட்டு நாளுக்குள் மாட்டிக்கொள்ளும், அவர் சிலுவையை முத்தமிடாமலே போன வருஷங்கள் எத்தனையோ.

தெரசா அக்கா பேரனைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். போகும்போது என் எதிரிலேயே சொன்னார்: "வர்றதா இருந்தா வந்துடுங்க. வருசா வருசம் உட்டுட்டு உட்டுட்டுப் போறதுன்னா, அந்த ஆத்தாகூடவே இருந்துக்கங்க." அண்ணன் கடையைக் காலி செய்ய முடிவெடுத்தார். பாதி ஸ்பீக்கர்களை விற்றார், கடைச் சாவியைக் கொடுக்க நாள் சொல்லிவிட்டார். செய்தி காற்றாய்ப் பறந்து மலையடிவாரத்துக்குப் போய்விட்டது. ஊர்க்கவுண்டர் சென்றாயன், ஆட்களோடு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க எங்க வேணாலும் இருங்க. பங்குனிக்கு வந்துடணும். ஓசூரு என்ன வெளிநாடா? நாங்களே வந்து கூட்டியாந்துடுவோம்" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்கு அது மிரட்டலாகவே கேட்டது.

அவர்கள் போன பிறகு, பாதி காலியான கடையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கென்னவோ அன்றைக்குத்தான் புத்தியே வேலை செய்தது.

"அண்ணா, சாமி வர்றது பாட்டுக்கு இல்ல. தட்டுக்கும் இல்ல. கீறலுக்கு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"கேசட்டுல கீறல் இல்ல. சிடியில கீறல் இல்ல. அதான் வரல. கீறலோட சேத்து பென் டிரைவ்ல ஏத்துங்க."

எழுந்து போய் ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்தார். பிறகு, "இத்தன வருசம் என்னத்தடா பண்ணிக்கிட்டு இருந்த?" என்றார்.

அன்றைக்கே ஏற்றினோம். ரெக்கார்டு பிளேயரிலிருந்து சவுண்டு மிக்சர் பெட்டிக்கு ஒயர் கொடுத்து, மிக்சரில் பென் டிரைவைச் செருகினார். ஊசி விழும் கரகரப்பிலிருந்து 'இறங்கி வா'வில் மாட்டிக்கொண்டு சுற்றுவதுவரை ஒரு பதிவு. சுற்றட்டும் என்று வெகுநேரம் அப்படியே விட்டுவிட்டார். ஊசியைத் தள்ளிவிட்ட பிறகு வருகிற மிச்சப் பாட்டு இன்னொரு பதிவு. குள்ளம்மாள் தளர்ந்து உட்கார்ந்ததும் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். திட்டம் இதுதான்: இந்த வருஷம் யாருக்கும் சொல்லாமல் பென் டிரைவில் போடுவது. தட்டு பார்வைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சாமி வந்துவிட்டால், மஞ்சள் நீராட்டு அன்று உண்மையைச் சொல்லி, பென் டிரைவை ஊர் கையில் கொடுத்துவிட்டு ஒரேயடியாகக் கிளம்பிவிடுவது. வராவிட்டால் பழி முழுக்க அண்ணன் தலையில் விழும். சாகும்வரை பங்குனி பங்குனியாக அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"சாமி விசயத்துல ஏமாத்தறது பாவமில்லையாடா?"

"உங்க பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கங்க. எங்க ஆத்தாவ நான் பாத்துக்கறேன்."

காப்புக் கட்டினார்கள். வழக்கம்போல எட்டு நாள் சிறை. குள்ளம்மாளும் விரதம் இருந்தார். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது அறுபதை நெருங்குகிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் அருள்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வருஷம் முழுக்க மற்றவர்கள் காட்டில் மரவள்ளி பிடுங்குகிற குள்ளம்மாவை, "ஏ குள்ளம்மா" என்று வரப்பிலிருந்தே கூப்பிடுவார்கள். அந்த ஒரு சாயங்காலம் மட்டும், கூப்பிட்டவர்களே "ஆத்தா" என்று காலில் விழுவார்கள். மறுநாள் முதல் மறுபடியும் குள்ளம்மா, ஆடும்போது சொன்ன வாக்குப் பலிக்காவிட்டால் கூடவே நாலு வசவு. முழங்கால் தேய்ந்து, தரையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். நடிப்பு என்று நகரத்துக்காரர்கள் சொல்லுவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அப்படி ஒருவரால் நடிக்க முடியாது.

கரகம் எடுக்கும் நேரம் வந்தது. அண்ணன் தட்டை வைத்தார், பூசாரி குங்குமம் இட்டார், ஊசி இறங்கியது. ஆனால் பிளேயரின் சத்தத்தை அண்ணன் அடியோடு குறைத்திருந்தார். மிக்சரில் பட்டனை அமுக்கினார். புனலில் கரகரப்பு எழுந்தது. கூட்டம் பேச்சை நிறுத்தித் திரும்பியது. சரி, இவர்களை ஏமாற்றியாகிவிட்டது என்று நினைத்தேன். பாட்டு ஓடி ஓடி வந்து மாட்டிக்கொண்டது. இறங்கி வா, இறங்கி வா.

குள்ளம்மாள் கூப்பிய கையோடு நின்றார். அசைவில்லை. இறங்கி வா. பூசாரி விபூதித் தட்டோடு அவர் முகத்தையே பார்த்தார். இறங்கி வா. பின்னால் யாரோ ஒரு கிழவர், "என்ன, வரக் காணோம்?" என்றது தெளிவாகக் கேட்டது. அண்ணனின் உதடு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தது. எந்த மாதாவைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

குள்ளம்மாளின் விரல்கள் முதலில் நடுங்கின. பிறகு தோள். அப்புறம் ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், பெண்கள் போட்ட குலவைச் சத்தத்தில் புனலே அடங்கிப்போனது. முன் எந்த வருஷத்தையும்விட உக்கிரமாக ஆடினார். அண்ணன் அப்படியே ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பக்தி என்று நினைத்து இரண்டு பேர் அவரையும் கும்பிட்டார்கள்.

"உட்டுட்டாடா சின்ராசு. ஆத்தா என்னைய உட்டுட்டா" என்றார் என் காதில்.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பை அவிழ்த்த கையோடு, அண்ணன் ஊர்க்கவுண்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வண்டிச் சாவியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். சென்றாயன் தாடையைத் தடவினார்.

"அப்ப, கரகத்தன்னிக்கு பாடினது தட்டு இல்லீங்களா?"

"இல்லீங்க. இதான்" என்று அண்ணன் பென் டிரைவை நீட்டினார்.

கவுண்டர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மா காலத்துக்குத் தக்கன மாறிக்கிட்டாங்க. நாமதான் தெரியாம இவர புடிச்சி வெச்சிக்கிட்டிருந்தோம். போயிட்டு வாங்க சவுரியப்பன், பேரன கொஞ்சுங்க" என்றார். கோயில் கமிட்டியில் இருக்கும் மாது, பென் டிரைவை வாங்கி, ஒரு குட்டி ஒயரை மாட்டித் தன் போனில் செருகிப் பார்த்தான். "அப்ப இனிமே யார் வேணாலும் போடலாம், எப்ப வேணாலும் போடலாம்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். போன்களை எடுத்துக்கொண்டு அவனைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. அண்ணனும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது குள்ளம்மாள் வந்தார். மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலை இன்னும் காயவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"ஓசூருக்கே போறீங்களாண்ணா?"

"ஆமாம்மா. இனிமே வர மாட்டேன்."

"நல்லது. போங்க." சேலை நுனியைப் பிழிந்தார். "நீங்க போறீங்கன்னு கேட்டதும் எனக்கு சந்தோசமாதான் இருந்துச்சிண்ணா. நீங்க போனா தட்டும் போயிடும். தட்டு போயிட்டா எனக்கு வராது. வராதவள எதுக்குப் புடிச்சி வெக்கப் போறாங்க? அருளு திருப்பூருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கறான். ஆத்தா எறங்கின ஒடம்பு ஊர உட்டுப் போவக் கூடாதுன்னு இவங்க உடறதில்ல. இந்த வருசம் கடைசின்னு நெனச்சித்தான் ஆடுனேன்."

அண்ணன் கையிலிருந்த கயிறு தளர்ந்தது.

"அதான் வெசாரிக்கலாம்னு வந்தேன். தட்டு தேஞ்சிக்கிட்டே வருதுன்னு சொல்லுவீங்களே. அந்தக் குச்சியாட்டம் இருக்கறது, அது எத்தன வருசத்துல தேயும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வண்டியின் டயரைப் பார்த்தேன்.

"தேயும்மா" என்றார். "எல்லாந்தான் தேயும்."

"பொய் சொல்லாதீங்கண்ணா. மாது சொன்னான். அது தேயவே தேயாதாம். அது ஒடஞ்சாலும் அவன் போன்ல ஒண்ணு இருக்குதாம். ஊருல அத்தன பேரு போன்லயும் ஏத்திக்கிட்டாங்க."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாது போனைப் பிடித்தபடி வண்டியை நோக்கி வந்தான். "அண்ணா, போறதுக்கு முன்ன கேளுங்க, எவ்ளோ தெளிவா வந்திருக்குது பாருங்க!" என்று சத்தத்தை முழுக்க வைத்தான். கீறலில் மாட்டிய இடம் மட்டும். இறங்கி வா, இறங்கி வா, இறங்கி வா.

"வேணாண்டா" என்றார் குள்ளம்மாள். அதற்குள் சக்கரத்தைப் பிடித்திருந்த அவர் விரல்கள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. எழுந்திருக்க முடியாத அந்தக் கால்கள் அவரைத் தூக்கி நிறுத்தின. ஈரக் கூந்தல் அவிழ்ந்து விழுந்தது.

"நிறுத்துடா!" என்று சவுரியப்பன் அண்ணன் கத்திக்கொண்டே போனைப் பறிக்கப் பாய்ந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சாமி வந்துவிட்டால், மலையேறும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. மாது போனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.